புகைக்காதவர் உள்ளிழுக்கும் புகை

பெங்களூருவின் அல்சூரில், சோமேசுவரர் கோயிலுக்கும் பஜார் வீதிக்கும் இடைப்பட்ட பழைய சந்துகளில் நடந்து செல்பவர், அங்குள்ள வீடுகள் ஒன்றின் சுவரை ஒன்று தாங்கி நிற்பதையும், முன்பக்கத்துக் கதவும் அதன் பக்கத்து ஜன்னலும் தவிரக் காற்று வருவதற்கு வேறு மார்க்கம் அவற்றுள் பலவற்றுக்கு இல்லாததையும், அந்த ஒற்றை ஜன்னலும் வாகன இரைச்சலுக்கும் கொசுவுக்கும் அஞ்சிப் பெரும்பாலான வேளைகளில் சாத்தியே கிடப்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது. அதே அல்சூரில் சிறிது தூரம் நடந்து ஏரிக்கரையை அடைந்தால், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பின்மீது தவழ்ந்து வரும் காற்று மேல்துண்டை நிலைகொள்ள விடாது. ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து, சில்லறையாக வாங்கிய இரண்டு சிகரெட்டுகளில் ஒன்றை ஏரிக்கரையிலும் மற்றொன்றைச் சந்து வீட்டின் முன்கூடத்திலும் ஒருவர் புகைப்பாரானால், அவருடைய சுவாசப்பைக்குள் போவது இரண்டிடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அவருக்கு அருகில் இருப்பவருடைய சுவாசப்பைக்குள் போவதிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு. புகைப்பவரின் நோயைப் பற்றி எழுதுவோர் இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புகைக்காதவரின் நோயைப் பற்றி எழுத முற்படுபவனோ, முதலில் இடத்தைப் பற்றியே பேசியாக வேண்டியிருக்கிறது.

திறந்தவெளியில் சிகரெட் புகையை அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், புகைப்பவருக்கு மிக அண்மையில், காற்று வீசும் திசையில் இருப்பவருக்குக் கணிசமான அளவு புகை சேர்கிறது என்றும், சுமார் 2 மீட்டருக்கு அப்பால் அது விரைந்து குறைந்துவிடுகிறது என்றும், சிகரெட் அணைந்ததும் காற்று உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்றும் 2007இல் எழுதினார்கள். கூரைக்குக் கீழே இந்தச் சலுகை கிடைப்பதில்லை. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதடி உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சந்து வீடுகளில் இதைப் பெரிய அறை என்றே சொல்வார்கள். அதன் கொள்ளளவு 900 கன அடி, அதாவது ஏறக்குறைய 25 கன மீட்டர். ஒரு சிகரெட் முழுவதும் எரியும்போது, சுவாசப்பையின் ஆழம் வரை செல்லத்தக்க மிக நுண்ணிய துகள்கள், குறைத்து மதிப்பிட்டாலும் 10 மில்லிகிராம் அளவுக்கு வெளியாகின்றன. இதை அந்த அறையின் காற்றில் சீராகக் கலந்தால் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வருகிறது. நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு விதித்துள்ள வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு 15. சராசரிக்கு விதித்த வரம்பை ஒரு மணி நேரத்து அளவோடு ஒப்பிடுவது முறையா என்று வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். புகையில் பாதி ஜன்னல் வழியே வெளியேறிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் எஞ்சுவது 200. மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி இரவு படுக்கும் வரையில் ஐந்தாறு சிகரெட் புகைப்பவருடைய வீட்டில், ஒன்றின் புகை முற்றும் நீங்குவதற்கு முன்பே அடுத்ததின் புகை வந்து சேர்ந்துகொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டாரின் இரவுக் காற்று எத்தகையது என்பது விளங்கும்.

இந்தப் புகை புகைப்பவர் ஊதிவிட்ட மிச்சம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். அவருடைய உடம்பு வடிகட்டிக்கொண்டதுபோக மீதியே நமக்கு வருகிறது, ஆகவே அது வீரியம் குன்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகமும் இதனோடு சேர்ந்து வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. அறையில் தங்கும் புகையில் ஏறக்குறைய 85 விழுக்காடு, எவருடைய வாய்க்குள்ளும் போகாமல், எரியும் நுனியிலிருந்து நேரே காற்றில் எழுவது. ஒரு சிகரெட் ஏழெட்டு நிமிஷம் எரிகிறது என்றால், அந்த நேரத்தில் அதை இழுக்கும் கணங்களை எல்லாம் கூட்டினாலும் அரை நிமிஷத்தைத் தாண்டுவது அரிது. மற்ற நேரமெல்லாம் அது விரலிடுக்கிலோ சாம்பல் தட்டிலோ தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. இழுக்கும்போது காற்று பாய்வதால் நுனியின் உஷ்ணம் 900 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. சும்மா கனலும்போது அது 600 பாகையளவுக்கு இறங்கிவிடுகிறது. உஷ்ணமும் பிராணவாயுவும் குறைந்த இடத்தில் எரிதல் அரைகுறையாக நடக்கும். அரைகுறையாக எரிந்த பொருளே நஞ்சு மிகுந்தது. அதனால்தான் கார்பன் மோனாக்சைடும், பென்சீனும், அம்மோனியாவும், புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன் என்னும் புற்றுநோய்க் காரணிகளும், இழுத்த புகையைக் காட்டிலும் இந்தப் பக்கப் புகையில் அதிக அளவில் வெளிப்படுகின்றன. சிகரெட்டின் அடியில் பஞ்சு வைத்திருப்பது இழுப்பவருக்காக. எரியும் நுனிக்குப் பஞ்சு கிடையாது.

இந்த உண்மையைச் சிகரெட் தொழிலே நன்கு அறிந்திருந்தது. பிலிப் மோரிஸ் நிறுவனம் 1980களில், ஜெர்மனியின் கொலோன் நகரில் தனக்குச் சொந்தமாக இருந்த இன்பிஃபோ என்ற ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துப் பரிசோதித்தபோது, எடைக்கு எடை பார்த்தால், பக்கப் புகை இழுத்த புகையைவிட மூன்று நான்கு மடங்கு நச்சுத்தன்மை உடையது என்ற முடிவு கிடைத்தது. அந்த முடிவுகள் பிரசுரமாகவில்லை. பின்னாளில் வழக்குகளின் விளைவாக அந்நிறுவனத்தின் உள்ளேட்டுக் காகிதங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்த பிறகு, அவற்றைப் படித்துத் தொகுத்த கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2005இல்தான் உலகுக்கு இதைத் தெரிவித்தார்கள். ஒரு விஞ்ஞான உண்மை இருபது ஆண்டு காலம் அலமாரியில் கிடந்ததனால் எத்தனை அறைகளின் காற்று கெட்டது என்று கணக்கிடுவதற்கு முறை ஏதும் இல்லை.

இங்கே பெங்களூருவாசி ஒருவர் குறுக்கிட்டு, பழைய மதராஸ் சாலையில் காலை ஒன்பது மணிக்கு நிற்கும் வாகன வரிசையைக் காட்டி, ஊரே புகையில் மூழ்கியிருக்கும்போது ஒரு சிகரெட்டைப் பற்றி இவ்வளவு கவலையா என்று கேட்கக்கூடும். இத்தாலியில் இதே கேள்விக்குப் பரிசோதனையால் பதில் தேடினார்கள். வடக்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள கார் கொட்டகையின் கதவை மூடி, உள்ளே ஒரு டீசல் காரின் எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்றிலிருந்த துகள்களை அளந்தார்கள். பின்பு கொட்டகையை நன்றாகக் காற்றாட விட்டு, அதே இடத்தில் மூன்று சிகரெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து, மீண்டும் அரை மணி நேரம் அளந்தார்கள். 2004இல் வெளியான அந்த முடிவின்படி, மூன்று சிகரெட்டுகள் தந்த துகள் காரின் துகளைப்போல் பத்து மடங்கு வரை இருந்தது. அந்தக் கார் கந்தகம் குறைந்த எரிபொருளில் ஓடியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் தெருக்களில் ஓடும் பழைய லாரியை நிறுத்தியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஆனாலும், லாரியை எவரும் படுக்கையறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதில்லை.

புகை அறையில் தங்குகிறது, அது நஞ்சுடையது என்பதெல்லாம் ரசாயனம். அதைச் சுவாசித்த புகைக்காத மனிதர் அதனால் மாண்டார் என்பதை நிரூபிப்பது வேறு விதமான காரியம். அதைச் செய்து காட்டியவர் ஜப்பானியர் ஒருவர். தோக்கியோவிலிருந்த தேசியப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா, 29 சுகாதார வட்டாரங்களில் வாழ்ந்த, 40 வயதுக்கு மேற்பட்ட, தாம் புகைக்காத 91,540 மனைவியரின் விவரங்களைச் சேகரித்து, அவர்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார். மனைவி புகைக்கிறாளா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், கணவன் எவ்வளவு புகைக்கிறான் என்றும் கேட்டதுதான் அவருடைய யுக்தி. 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த அவருடைய கட்டுரை, புகைக்காத கணவனின் மனைவியைக் காட்டிலும், நாளொன்றுக்கு 20க்குக் குறையாமல் புகைத்த கணவனின் மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு இருந்ததைக் காட்டியது. இடைப்பட்ட அளவில் புகைத்தவர்களின் மனைவியரோ இடைப்பட்ட நிலையில் இருந்தார்கள். அளவு ஏற ஏற அபாயமும் படிப்படியாக ஏறுவது, காரணத்தைத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வலுவான சாட்சியங்களுள் ஒன்று. அதே ஆண்டில் ஏதென்ஸ் நகர மருத்துவமனைகளிலிருந்து திரிகோபுலோஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு முறையில் ஆராய்ந்து அதே திசையைச் சுட்டினார்கள்.

ஹிராயாமாவின் கணக்கில் பிழை இருக்கிறது என்று விளம்பரங்கள் வந்தன. புள்ளியியலாளர்களை அமர்த்தி மறுப்புகள் எழுதப்பட்டன. ஜப்பானிலேயே ஓர் எதிர் ஆய்வுக்குப் புகையிலைத் தொழில் பணம் கொடுத்தது. எதிர்ப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அத்தொழில் கலந்தாலோசித்த நிபுணர்களுள் சிலர், அவருடைய முடிவு சரியானதே என்று தனிமையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதும் மேற்சொன்ன காகிதங்களோடு வெளிவந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1986இல், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் எவரெட் கூப், பிறர் புகை புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அறிக்கை வெளியிட்டார். 2006இல் வந்த மற்றோர் அறிக்கை, வீட்டிலோ வேலையிடத்திலோ இப்புகைக்கு ஆளாகிறவருக்கு அந்த அபாயம் 20 முதல் 30 விழுக்காடு கூடுகிறது என்றும், இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் முடித்தது.

ஹிராயாமாவுக்கு இந்த ஆராய்ச்சி கைகூடியதற்குக் காரணம் ஜப்பானிய சமூகத்தின் அமைப்பு: ஆடவர் பெரும்பாலோர் புகைத்தார்கள், மகளிர் பெரும்பாலோர் புகைக்கவில்லை, ஆகவே மனைவியின் உடம்பில் கண்ட புகை இன்னாருடையது என்று சொல்ல முடிந்தது. நம் நாட்டின் நிலையும் இவ்விஷயத்தில் அதிலிருந்து தூரமில்லை. 2016-17இல் நடந்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆடவருள் 19 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள். பெண்டிருள் புகைப்போர் 2 விழுக்காட்டினர். ஆயினும் வயது வந்தோருள் 38.7 விழுக்காட்டினர் தங்கள் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகிறார்கள். புகைப்பவர் தொகையைக் காட்டிலும் புகையை ஏற்பவர் தொகை பல மடங்கு பெரியது என்பதையும், ஏற்போரில் பலர் யார் என்பதையும் இந்த மூன்று எண்களிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அவர்கள் ஏன் தடுப்பதில்லை என்று கேட்பவர் நம் குடும்பங்களை அறியாதவர். மாமனார் கூடத்தில் உட்கார்ந்து பற்றவைக்கும்போது, கைக்குழந்தையுடன் இருக்கும் மருமகள் வாய் திறந்து ஏதேனும் சொல்வதாவது! அவள் செய்யக்கூடியது அடுக்களைக்குள் போய்விடுவது. இரண்டு அறை வீட்டில் அடுக்களையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

புற்றுநோய் என்ற சொல்லுக்கு இருக்கும் பயங்கரத்தால், பிறர் புகையின் தலையாய தீங்கு அதுவே என்று எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். உலகம் முழுமைக்கும் 2004ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டு 2011இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், பிறர் புகையால் நேர்ந்த மரணங்கள் சுமார் 6,03,000 என்று மதிப்பிட்டிருந்தார்கள். அவற்றுள் நுரையீரல் புற்றுநோயால் நேர்ந்தவை 21,400 மட்டுமே, இருதய நோயால் நேர்ந்தவையோ 3,79,000. இருதயத்துக்கு ஏன் இத்தனை பங்கு என்பது இந்த விஷயத்திலேயே மிகவும் ஆச்சரியமான பகுதி. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நாள்தோறும் இருபது சிகரெட் புகைப்பவர் உட்கொள்ளும் அளவில் மிகச் சிறு பின்னமே, அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவருடைய உடம்புக்குள் போகிறது. புற்றுநோயின் அபாயமும் அந்த விகிதத்தை ஒட்டியே சிறுத்துக் காணப்படுகிறது. இருதய நோயின் அபாயம் மட்டும் அப்படிச் சிறுப்பதில்லை. புகைப்பவருக்கு அது இரண்டு மடங்கு ஆகிறதென்றால், கூட இருப்பவருக்கும் 25 முதல் 30 விழுக்காடு ஏறிவிடுகிறது. காரணம் இரத்தத்திலும் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் இருக்கிறது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் சொற்பப் புகை பட்டவுடனே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவத்தை அடைந்துவிடுகின்றன. குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலம், தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் தன் சக்தியில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. இவ்விளைவுகள் முதல் சில மூச்சுகளில் செங்குத்தாக ஏறி, பின்பு புகை அதிகமானாலும் அதிகம் ஏறாமல் நின்றுவிடுகின்றன. ஒசாகா நகரப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், புகைக்காத இளைஞர்களை மருத்துவமனையின் புகைபிடிக்கும் அறையில் அரை மணி நேரம் உட்காரவைத்து, அதற்கு முன்னும் பின்னும் இருதயத்தின் இரத்தக் குழாய்களில் ஓட்டத்தை அளந்தார்கள். உள்ளே போகும்போது அவர்களுடைய குழாய்கள் புகைப்பவர்களுடையதைவிட நல்ல நிலையில் இருந்தன; வெளியே வரும்போது இரு சாராருக்கும் வித்தியாசம் காண முடியவில்லை.

மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதுபோல, புகையை நிறுத்தினால் நோய் குறைகிறதா என்று ஒரு தேசமே பார்த்ததும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 முதல், கூரையுள்ள பொது இடங்கள் அனைத்திலும் புகைப்பது தடை செய்யப்பட்டது. தடைக்கு முந்திய பத்து மாதங்களையும், அடுத்த ஆண்டின் அதே பத்து மாதங்களையும் ஒன்பது மருத்துவமனைகளில் ஒப்பிட்டபோது, கடுமையான மாரடைப்பு வகை நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் 3,235இலிருந்து 2,684ஆகக் குறைந்திருந்தார்கள். அதாவது 17 விழுக்காடு. அப்போது தடை இல்லாதிருந்த இங்கிலாந்தில் குறைவு 4 விழுக்காடுதான். குறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் புகைக்காதவர்கள் என்பதை, அவர்களுடைய இரத்தத்தில் நிக்கோடின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை அளந்தே உறுதி செய்தார்கள்; வாய்மொழியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. பிறர் புகையைப் பற்றிய ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் மனநிறைவு அளிப்பது இதுவே. எவரையும் புகைக்கு உட்படுத்தாமல், புகையிலிருந்து விடுவித்து உண்மையைக் கண்டுபிடித்த சோதனை இது.

குழந்தைகளின் விஷயத்தில் சோதனைகளுக்குக்கூட அவசியமில்லை; ஒரு குழந்தையின் உடம்பை அறிந்தால் போதும். சிசு நிமிஷத்துக்கு முப்பது நாற்பது முறை மூச்சு விடுகிறது, வளர்ந்தவர் விடுவது பதினைந்துக்கு அருகில். உடம்பின் எடைக்கு ஒப்பிட்டால், அது உள்ளிழுக்கும் காற்று நம்முடையதைக் காட்டிலும் மிகுதி. அதன் மூச்சுக் குழல்கள் குறுகலானவை. சிறிது வீங்கினாலும் அடைபடுபவை. அறையை விட்டு எழுந்து போக அதனால் இயலாது. சளிக் காய்ச்சல் என்று சொல்லி நாம் அலட்சியம் செய்யும் நிமோனியாவும், காதில் சீழ் வடிவதும், இளைப்பும், தொட்டிலில் தூங்கிய சிசு காரணம் தெரியாமல் இறந்து கிடப்பதும், புகைப்பவர் உள்ள வீடுகளில் அதிகம். மேலே சொன்ன லான்செட் கணக்கில் இறந்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் குழந்தைகள். பெண்கள் 47 பேர்.

அல்சூர் வட்டாரத்துக்குக் காற்றின் அருமை ஒருகால் நன்றாகவே புரிந்திருந்தது. 1898இல் பிளேக் நோய் பெங்களூருவுக்குள் புகுந்து கொத்துக் கொத்தாக மனிதரைக் கொண்டுபோனபோது, நெருங்கிக் கிடந்த சந்து வீடுகளே அதற்கு வளமான இடங்களாயின. அந்த அனுபவத்தின் பயனாக, அல்சூருக்கு வடக்கே, அகன்ற நேர்த் தெருக்களோடும், வீட்டைச் சுற்றி வெற்றிடத்தோடும், பின்புறத்தில் துப்புரவுச் சந்துகளோடும் ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. காற்றும் வெயிலும் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதே அவற்றின் வாஸ்து சாஸ்திரம். அதே பகுதியில், காக்ஸ் டவுனை ஒட்டி, 1910இல் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் பெயரோடு இணைந்த சிகரெட் தொழிற்சாலையும் நெடுங்காலம் இயங்கியது என்பது சரித்திரத்தின் விளையாட்டுகளில் ஒன்று. பிளேக்குக்காகத் திறந்த ஜன்னல்கள் இன்றும் அங்குள்ள பழைய பங்களாக்களில் இருக்கின்றன. பங்களா இருந்த மனைகளில் எழும் அடுக்குமாடி வீடுகளிலோ, ஒருவர் குளியலறையில் நின்று ஊதியது காற்றுக்குழாய் வழியே ஏறி மூன்றாம் மாடிக் குழந்தையின் அறைக்குள் இறங்குகிறது.

சட்டம் இவ்விஷயத்தில் தென்னாட்டிலிருந்தே முன்னடி எடுத்து வைத்தது. 1999 ஜூலை 12 அன்று, தேவகோட்டையில் பிறந்தவரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் நீதிபதி நாராயண குரூப்பும் அடங்கிய கேரள உயர்நீதிமன்ற அமர்வு, பொது இடத்தில் புகைப்பது புகைக்காதவரின் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது, ஆகவே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2001 நவம்பரில் நாடு முழுமைக்கும் அதை ஒத்த ஆணையைப் பிறப்பித்தது; 2003இல் பாராளுமன்றச் சட்டம் வந்தது; அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார மந்திரியாக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல், மதுக்கூடங்களையும் அலுவலகங்களையும் உள்ளிட்ட விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. கர்நாடகம் இன்னும் ஓரடி மேலே போய், 2025இல் அமலான தன் திருத்தச் சட்டத்தால் அபராதத்தை 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியும், ஹூக்கா கூடங்களைத் தடுத்தும், 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதை விலக்கியும் இருக்கிறது.

ஆயினும் 2003 சட்டத்தின் வரையறை திறந்தவெளியை விலக்கிவிடுகிறது. வீடு பொது இடம் அல்லாததால் அதற்குள் சட்டம் நுழைவதே இல்லை. இவற்றுள் முதலாவதால் பெருங்கேடு இல்லை. அல்சூர்ப் பெட்டிக்கடை ஓரத்தில், கம்பத்தில் தொங்கும் கயிற்று நுனியின் கங்கில் பற்றவைத்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையுடன் நின்று புகைப்பவர் வழிப்போக்கருக்கு இழைப்பது பெரும்பாலும் தொல்லையே. அவருக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரின் கதை வேறு. தெருவிலுள்ள புகைப்பவரைக் கண்டு சீறும் நம் ஆத்திரத்தில் பாதியை வீட்டுக்குள் திருப்பினால் அதிகப் பயன் உண்டு என்பது என் அபிப்பிராயம். எண்களும் இதற்கு இடம் தருகின்றன. 2009-10க்கும் 2016-17க்கும் இடையில், சட்டம் எட்டிப் பார்க்காத வீட்டில் புகைக்கு ஆளானோர் 52.3 விழுக்காட்டிலிருந்து 38.7 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். சட்டம் தடை விதித்த, கூரையுள்ள வேலையிடங்களிலோ 29.9 விழுக்காடு 30.2 ஆயிற்று. வீட்டில் எவரும் அபராதம் விதிக்கவில்லை. எப்படியோ, யாரோ சொல்லி, யாரோ கேட்டிருக்கிறார்கள்.

கேட்பவர்களும் சாதாரணமாகச் செய்வது அரை வைத்தியமே. ஜன்னலைத் திறப்பது, மின்விசிறியை வேகமாக வைப்பது, ஊதுவத்தி கொளுத்துவது, பால்கனிக் கதவருகே நின்று வெளிப்பக்கம் ஊதுவது ஆகியவை நம் வீடுகளில் வழங்கும் உபாயங்கள். மின்விசிறி புகையை வெளியேற்றாது. அறையின் மூலை முடுக்கெல்லாம் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். ஊதுவத்தி நாற்றத்தை மறைத்துத் தன் புகையையும் சேர்க்கும். கதவருகே நின்றவர் ஊதிய புகை வெளியே போனாலும், விரலிடுக்கிலுள்ள நுனியின் புகை காற்றின் போக்கில் உள்ளேயே வரும். சட்டமே அனுமதிக்கும் புகைபிடிக்கும் அறைக்கு, நான்கு பக்கமும் கூரை வரை சுவரும், தானே மூடிக்கொள்ளும் கதவும், உள்காற்று மற்ற அறைகளுக்குக் கசியாதபடி வெளியே இழுக்கும் எந்திரமும் வேண்டும் என்று 2008 விதிகள் சொல்கின்றன. இத்தனை ஏற்பாட்டோடு கூடம் கட்டியவர் அல்சூரில் இருப்பாரென்று தோன்றவில்லை.

சிகரெட் அணைந்து, புகைப்பவர் அந்த வீட்டை விட்டே போய்விட்ட பிறகும் காரியம் முடிந்துவிடுவதில்லை. நிக்கோடின் சுவரிலும் திரைச்சீலையிலும் பாயிலும் படிந்து தங்குகிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2010இல் காட்டியபடி, எரிவாயு அடுப்பிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் வரும் நைட்ரஸ் அமிலம் அந்தப் படிவோடு சேர்ந்து, முன்பு இல்லாத நைட்ரோசமீன்களைப் புதிதாக உண்டாக்குகிறது. சான் டியேகோ நகரில் வேறொரு குழுவினர், புகைப்பவர்கள் காலி செய்துபோன வீடுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்து, சிலவற்றுக்கு வர்ணமும் பூசிய பிறகு குடிவந்த புகைக்காதவர்களின் விரல் நுனிகளில் நிக்கோடின் இருந்தது. சிறுநீரிலும் அதன் அடையாளம் இருந்தது. அல்சூரில் வாடகைக்கு வீடு தேடுபவர் காவேரித் தண்ணீர் வருமா, முன்பணம் பத்து மாதமா ஆறு மாதமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார். முன்னே குடியிருந்தவர் உள்ளே புகைத்தாரா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடலாம். வீட்டுக்காரர் சற்று விநோதமாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.